அளவு ஜாக்கெட்

இடது மார்பை எடுத்த கையோடு புதிதாக ஒன்றை வைத்துவிடுவார்கள், அண்ணன் மகள் கல்யாணத்துக்குள் தேறிவிடலாம் என்று நினைத்திருந்தேன். புதுச்சேரி டாக்டரம்மா, கதிர்வீச்சு முடியட்டும் என்றுவிட்டார். “இப்பவே புதுசு வச்சா, கரண்ட் வைக்கிறப்ப கல்லாட்டம் இறுகிடும்மா. தோல் ஆறட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம்.”

கல்யாணம் எனக்காகக் காத்திருக்குமா? திண்டிவனத்தில் பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன். அளவுக்குப் பழைய ஜாக்கெட்தான். வேறு எதைக் கொண்டுபோவது? விஷயம் தெரியாத தையல்காரப் பெண் அதை விரித்து அளந்தாள். “ரெண்டு பக்கமும் உள்ள துணி விட்டுத் தைக்கிறேங்க்கா. பின்னாடி சதை போட்டாலும் பிரிச்சிக்கினு போட்டுக்கலாம்.”

இடது பக்கத்தை இப்போது பிடித்துத் தை, அடுத்த வருஷம் பிரித்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

“சரிம்மா” என்றேன்.