கஞ்சி நூலும் ஜப்பான் கெண்டையும்

மேலப்பாளையத்தில் சேக் முகம்மது பாயைத் தெரியாதவன் கிடையாது. தறி நெய்கிறவர். நெசவு நல்ல நெசவுதான், ஆனால் மனுசனுக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. கொஞ்சம் நெய்வார், எழுந்து புறவாசலுக்குப் போவார். அங்கே சிமெண்டுத் தொட்டியில் அவருடைய ஜப்பான் கெண்டைகள் கிடந்தன. தொண்ணூற்றைந்தில் மதுரையிலிருந்து குஞ்சாக வாங்கிவந்து வளர்த்தவை. பீடி சுற்றிக்கொண்டிருக்கும் அவர் மனைவி மைமூன், "பெத்த பிள்ளையக்கூட இப்படிப் பாத்ததில்ல" என்று ஏசுவாள். அதிலும் வெள்ளையில் சிவப்புத் திட்டு விழுந்த பெரியது அவர் கையிலேயே வந்து தின்னும். அதன்மேல் பாய்க்கு உயிர்.

மறு வருசக் கோடையில் தண்ணீர் பச்சை பிடித்துவிட்டது. மீன் கண்ணில் படவில்லை. பாய் தவித்துப்போனார். "இருக்கா, போச்சான்னே தெரியலையே வே பிச்சைக்கண்ணு" என்று என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு ஓடிவந்தார். நான் ஒரு டிரம்மில் சரளைக்கல் நிரப்பி, சின்ன மோட்டார் வைத்துத் தண்ணீரை அதன் வழியாகச் சுற்றவிட்டேன். "பச்சை ஒண்ணும் செய்யாது பாய். பைய தெளியும், பொறுத்திரும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். யாரிடம்? இந்த மனுசனிடம்!

பொறுப்பாரா? கல்லை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, தறியில் மிஞ்சின பாவு நூலை டிரம்முக்குள் திணித்துவிட்டார். நூல் பச்சையை வடித்துவிட்டது, தொட்டியின் அடித்தரைகூடத் தெரிந்தது. தெருவே வந்து பார்த்ததாம். "பிச்சைக்கண்ணு கல்லு செய்யாததை என் நூலு செய்யுது" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாராம்.

அடுத்த வாரமே ஆள் வந்தது. நான் போனபோது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன, பாதி ஏற்கெனவே மிதந்தன. டிரம்மைத் திறந்தால் குப்பென்று புளித்த நாற்றம். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத்தானே நெய்வார்கள். அந்தக் கஞ்சி ஊறி அழுகி, தண்ணீரில் மீனுக்கு வேண்டிய காற்றையெல்லாம் தின்றுவிட்டது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "தெனமும் கஞ்சி போடுதது நீருதான ஓய். அது கூடவா நெனப்பு வரல?"

"தண்ணி தெளிஞ்சிருந்துச்சே வே" என்றார்.

திட்டு விழுந்த பெரியதில் மட்டும் உயிர் இருந்தது. குடிக்கப் பிடித்துவைத்திருந்த ஆற்றுத் தண்ணீர் அண்டாவில் அதை விட்டு, காற்று இறங்கட்டும் என்று பாய் கையால் அலம்பிக்கொண்டே இருந்தார். கை நின்றால் மீன் சாய்ந்தது. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

மைமூன் பீடித் தட்டை ஒதுக்கிவிட்டு வந்து அண்டாவுக்குள் கையை விடப்போனாள்.

"புகையிலைக் கை புள்ள, மீனுக்கு ஆகாது" என்று தடுத்தார் பாய்.

அவள் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். "நீங்க தொழுதுட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அவர் தெரு முனையைத் தாண்டியிருக்க மாட்டார், மீனின் வாய் நின்றுவிட்டது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"போதும் தங்கச்சி" என்றேன்.

"அவுக வரட்டும்" என்றாள். கையை எடுக்கவில்லை.