அழித்த குறிப்பும் அச்சானது

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவனை எல்லோரும் வாழ்த்துவார்கள் என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். போனை மாற்றிய அன்றே பாதிக் குறிப்புகளைப் பறிகொடுத்துவிட்டு, யாரிடம் போய்ச் சொல்வது என்று விழித்த வாசகர்களே, உங்களுக்கு என் வேலை சட்டென்று புரியும்.

குறிப்பு எழுதுவதற்கு ஒரு செயலி இருக்கிறது. பெயர் வேண்டாம். அதில் எழுதுவதெல்லாம் நம் கருவிக்குள்ளேயே ஒரு டேட்டாபேஸ் கோப்பில் போய் உட்காரும். செயலி திறக்க மறுத்தால், குறிப்புகள் உள்ளே இருந்தும் கைக்கு வராது. அந்தக் கோப்பை நேராகத் திறந்து படிக்க நான் ஒரு லைப்ரரி எழுதினேன். மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்புக்கு எங்கள் தொழிலில் அந்தப் பெயர். அஸ்தம்பட்டியில் ஒரு பல் கிளினிக்குக்கு மேல் மாடியில், நானும் கவிதாவும் நடத்தும் சின்ன அலுவலகத்தில் அது பிறந்தது. கவிதா நாமக்கல்காரர், என்னைவிட நல்ல புரோகிராமர். நான் பன்னிரண்டு ஆண்டு ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டுத் தாமதமாக வந்து சேர்ந்தவன்.

புகை வந்த போர்

முதல் வாடிக்கையாளர் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். எந்த ஊரில், யார் காட்டில், எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது என்று ஒவ்வொரு போருக்கும் குறிப்பு எழுதி வைப்பார். புதிதாகப் போர் போட வருகிற விவசாயியிடம் அதைத்தான் காட்டுவார். செயலி மக்கர் செய்தது. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொடுத்தேன். பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தவரின் முகம் மாறியது.

“ஏனுங்க, தண்ணி வந்த போரைக் கேட்டா, தண்ணியில்லாம வெறும் பொகை வந்த போரையும் சேத்துக் குடுத்துட்டீங்களே! அதையெல்லாம் அழிச்சுப் போட்டுத்தானுங்க வெச்சிருந்தேன்.”

கவிதா கேட்ட ஒரு வரி

அவர் போனதும் கவிதா கோப்பைத் திறந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். நாம் ஒரு குறிப்பை அழித்தால் அந்தச் செயலி அதை உண்மையில் அழிப்பதில்லை. ‘அழிக்கப்பட்டது’ என்று பக்கத்தில் ஓர் அடையாளம் போட்டு, கண்ணில் படாமல் மறைத்துவைக்கிறது. என் லைப்ரரி அந்த அடையாளத்தைப் பார்ப்பதே இல்லை. இருப்பதையும் அழித்ததையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு வந்தது.

நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்றார் கவிதா. பிறகு பார்க்கலாம் என்றேன். குறைந்தால்தான் சண்டைக்கு வருவார்கள், கூடுதலாக வந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்பது என் வாதம். இத்தனைக்கும் பத்திரிகையில் நான் பார்த்த வேலையே வெட்டுவதுதான். வெட்டிய வரிகள் வெளியே தெரியாததால்தான் பல பேர் இன்றும் என்னோடு பேசுகிறார்கள். அது எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை. கவிதா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

“ஊட்டைக் கூட்டித் தள்ளுன குப்பையைத் திருப்பிக் கொண்டாந்து நடுவாசல்ல போட்டா, யாருங்க சார் சந்தோசப்படுவாங்க?”

நூற்று நாற்பது பக்கம்

இளம்பிள்ளையிலிருந்து செல்வராஜ் வந்தார். அவரும் தம்பி முருகேசனும் ஒரே தறிக்கூடத்தில் பட்டுச் சேலை நெய்து விற்கிறவர்கள். எந்த டிசைனுக்கு என்ன நிறம், பார்டரில் எத்தனை இழை, முந்திக்கு எந்த ஜரிகை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், அந்தச் செயலியில். அண்ணன் சொல்லச் சொல்லத் தம்பி தட்டுவார். தீபாவளி ஆர்டர் தறியில் ஏற வேண்டிய வாரத்தில் செயலி திறக்கவில்லை.

தம்பி கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வான், எனக்குக் காகிதத்தில் கொடுத்தால் தறிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன் என்றார். வாடிக்கையாளரின் குறிப்புகளைப் படிப்பதில்லை என்பது எங்கள் ஒழுக்கம். படிக்காமலே நூற்று நாற்பது பக்கம் அச்சிட்டு, பைண்டிங் போட்டுக் கொடுத்தேன். கீழே அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். நாலு நாள் கழித்து அவரிடமிருந்து போன். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“தொண்ணூத்தி மூணாம் பக்கத்துல இருக்கறது டிசைன் இல்லீங்க. என் தம்பி எனக்கு எழுதுன லெட்டருங்க.”

மாம்பழ மஞ்சள்

மறுநாள் முருகேசன் வந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார், உட்காரவில்லை. கடிதம் நாலே வரி. உன் கீழ் வேலை செய்தது போதும், என் பங்குத் தறிகளைப் பிரித்துக் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தார். இரண்டு வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். ஒரு சேலைக்கு மாம்பழ மஞ்சளா எலுமிச்சை மஞ்சளா என்று தகராறு. தறிக்காரர்கள் முன்னால் அண்ணன், “உனக்கென்னடா தெரியும்?” என்று கேட்டுவிட்டார். காலையில் தம்பி கடிதத்தை எழுதினார். சாயங்காலம் அண்ணன் அவருக்கும் சேர்த்துப் பரோட்டா வாங்கி வந்தார். தம்பி கையைக் கழுவிவிட்டு வந்து முதல் வேலையாகக் கடிதத்தை அழித்தார்.

அண்ணன் இப்போது அவரோடு பேசுவதில்லையாம். பிரித்துக் கொடுக்க ஊரில் இரண்டு பெரியவர்களை வரச் சொல்லியிருக்கிறாராம். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“யாருக்கும் தெரியாம கோவப்பட ஒரு எடம் வேணுமுன்னுதானுங்க அதுல எழுதுனேன். அங்கயும் நீங்க வந்துட்டீங்களே.”

இரண்டாவது காகிதம்

கோப்பில் நேரம் பதிவாகியிருந்தது. எழுதியது காலை, அழித்தது அதே நாள் மாலை. அதை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக்கொண்டு நானே இளம்பிள்ளைக்குப் போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியாது என்று செல்வராஜ் வாசலுக்கு வந்தார். காகிதத்தை இரண்டு முறை படித்தார். தப்பு என் புரோகிராமில்தான், உங்கள் தம்பியிடம் இல்லை என்றேன். தலையாட்டினார். அவர் தோளுக்குப் பின்னால், பாதித் தறிகளில் சாக்பீஸால் தம்பியின் பெயர் எழுதியிருந்தது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அவன் அழிச்சுட்டான், சரிங்க. நான் படிச்சதை எப்படிங்க அழிக்கறது? அதுக்கு உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குதுங்களா?”

கவிதா கேட்ட அந்த ஒரு வரியைச் சேர்க்க எனக்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை; இளம்பிள்ளையில் ஒரு தறிக்கூடம் இரண்டாகப் பிரிவதற்குத்தான் ஆறு வாரம் ஆயிற்று.