எஞ்சினுக்கு ஊற்றிய நல்லெண்ணெய்

1942ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஜப்பான்காரர்கள் கோலாலம்பூருக்குள் நுழைந்த சமயம், நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். என் கணவர் சொந்தமாக ஒரு பழைய கார் வைத்து, பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் ஆள் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காரை அவர் துடைக்கிற அழகைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சக்களத்தி என்றுதான் அதைச் சொல்வேன். அவரும் சிரித்துக்கொண்டே துடைப்பார்.

ஊரில் கண்ணில் படுகிற கார்களையெல்லாம் ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று சேதி வந்தது. அன்றைக்கே அவர் காரைத் தள்ளிக்கொண்டு போய், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த பால்கார அக்காவின் மாட்டுக் கொட்டகையில் ஒளித்துவிட்டார். சக்கரங்களைக் கழற்றிப் பரணில் போட்டார். காரைக் கட்டைகள் மேல் நிறுத்தி, முன்னால் வைக்கோலை அடுக்கினார். ஆறு மாடும் அத்தனை சாணியும் இருக்கிற இடத்துக்குள் எந்த அதிகாரி மூக்கை நீட்டுவான்? கார் தப்பித்தது. மனிதர்தான் மாட்டிக்கொண்டார். அடுத்த வருடம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள் அல்லவா, அதில் அவரையும் கொண்டுபோனார்கள்.

கிளம்பச் சொல்லி ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பாதியைக் கொட்டகையில்தான் கழித்தார். எஞ்சினில் நாலு பிளக் இருக்கும், அவற்றைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் மாதம் ஒரு தடவை ஒரு கரண்டி எண்ணெய் விட வேண்டும், பிறகு முன்னால் ஹேண்டிலைச் செருகி நாலு சுற்றுச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடித்து எஞ்சின் செத்துவிடும் என்று காட்டிக்கொடுத்தார். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும், மாற்றிப் பிடித்தால் உதைத்து எலும்பை முறித்துவிடும் என்றும் சொன்னார். எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆளைக் கொண்டுபோகிறார்களே என்ற அழுகையோடு அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

இருந்தாலும் சொன்னதைச் செய்தேன். அவர் வைத்துவிட்டுப் போன எஞ்சின் ஆயில் ஆறு மாதத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணெயை எங்கே தேடுவது? அரிசிக்கே வழியில்லாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்த காலம். என்னிடம் யுத்தத்துக்கு முன்னால் வாங்கிய அரை டின் நல்லெண்ணெய் இருந்தது. மதராஸிலிருந்து கப்பல் நின்றுபோனதால் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தேடினாலும் அது கிடைக்காது. எங்கள் வீடுகளில் எண்ணெய் என்றால் முதல் மரியாதை நல்லெண்ணெய்க்குத்தான். உடம்புச் சூட்டைத் தணிக்கும், நரம்பை இளக்கும் என்போம். மனிதனுக்கே இவ்வளவு செய்வது இரும்புக்குச் செய்யாதா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் கொட்டகைக்குப் போவேன். பிளக்குகளை ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் போட்டுத் திருகுவது சிரமம் என்று கையாலேயே கழற்றுகிற மாதிரி லேசாகத்தான் மாட்டி வைத்திருந்தேன். அவருக்குத் தேய்க்க வேண்டிய எண்ணெய் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி விடுவேன். சாமி விளக்குக்குப் பனையெண்ணெய்தான். என் தலைக்கு ஒரு சொட்டுக் கிடையாது. முடி தேங்காய் நார் மாதிரி ஆகிப்போனது.

நாளாக நாளாக ஹேண்டில் கனத்தது. கிழங்கு தின்று எனக்குத்தான் வலு போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை அது அசையவே இல்லை. பால்கார அக்காவையும் கூட்டி வந்து இரண்டு பேருமாகத் தொங்கிப் பார்த்தோம். ம்ஹூம். அப்போதும் எண்ணெயை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் வரமாட்டார் என்று ஒரு பயம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

1945இல் யுத்தம் முடிந்தது. சயாம் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். திரும்பாதவர்கள்தான் அதிகம். வருடக் கடைசியில் ஒரு நாள் காலை பால்கார அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏ புள்ள, உன் கார்கிட்ட எவனோ உக்காந்திருக்கான். திருடன் மாதிரி இருக்கான், சீக்கிரம் வா."

விறகுக் கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். வைக்கோலுக்குப் பின்னால், எலும்பும் தோலுமாக, காலில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு ஒரு ஆள் காரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டையை ஓங்கிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் கை நின்றது. புருஷனை விறகுக் கட்டையோடு வரவேற்றவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கட்டிக்கொண்டு அழுதேன். ஆனால் அழுது முடித்ததும், வீட்டுக்கு வராமல் நேராகக் காரிடம் போயிருக்கிறாரே என்பது மனத்தில் முள்ளாகத் தைத்தது.

வீட்டுக்கு வந்தவர் பேசவில்லை. காலில் ஆறாத புண். இரண்டு கையும் ஓயாமல் நடுங்கின. கஞ்சியை நான்தான் ஊட்டினேன். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரோடு திரும்பி வந்த ஒருவர் இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்து, பத்தாம் நாள் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு வாரம் கழித்து அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி, "எஞ்சின் சுத்துதா?"

என்ன சொல்வேன்? இவரை இந்த உலகத்தோடு கட்டி வைத்திருப்பது அந்த எஞ்சின் ஒன்றுதான். அதை நானே கெடுத்து வைத்திருக்கிறேன் என்று அதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நல்லாத்தான் சுத்துச்சு, இப்ப கொஞ்ச நாளா இறுக்கமா இருக்கு. துருவா இருக்கும்" என்றேன். என்ன எண்ணெய் விட்டேன் என்பதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து கைத்தாங்கலாகக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். அவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து சொல்வார், நான் செய்வேன். மண்ணெண்ணெயை ஓட்டைகளில் ஊற்றி மூன்று நாள் ஊற வைத்தோம். அசையவில்லை. மறுபடி ஊற்றினோம். துரு, துரு என்று நான் தினமும் ஒரு தடவையாவது சொல்வேன். பொய் சொல்கிறவளுக்கு வாய் சும்மா இருக்காது. அவர் "உம்" என்பார்.

மூன்றாவது வாரம், எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிவிடலாம் என்றார். எனக்குக் கை ஓடவில்லை. ஒவ்வொரு நட்டையும் எவ்வளவு மெதுவாகத் திருக முடியுமோ அவ்வளவு மெதுவாகத் திருகினேன். மூடியைத் தூக்கினால், உள்ளே நாலு குழியிலும் வெல்லப் பாகு முற்றிப்போன மாதிரி பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கொட்டகையெல்லாம் சிக்குப் பிடித்த எண்ணெய் நாற்றம்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சாணித் தரையிலேயே உட்கார்ந்து, நல்லெண்ணெய்தான் ஊற்றினேன், நான்தான் பாழாக்கிவிட்டேன் என்று சொல்லி அழுதேன். அவர் பெட்டியிலிருந்து மெல்ல எழுந்து வந்தார். நடுங்குகிற விரலால் ஒரு குழியில் அந்தப் பிசினைச் சுரண்டினார். அடியில் இரும்பு பளபளவென்று இருந்தது.

"துரு இல்ல, பாரு" என்றார். அவ்வளவுதான்.

துணியும் மண்ணெண்ணெயுமாக நான் இரண்டு நாள் தேய்த்தேன். ஹேண்டில் அசைந்தது, பிறகு சுற்றியது. அவர் சொல்லச் சொல்ல மேல்மூடியைத் திரும்ப மாட்டினேன். பெட்ரோலுக்குப் பால்கார அக்காதான் வழி செய்தார். அவரிடம் பால் வாங்க வரும், யுத்தம் முடிந்து வெள்ளைக்காரனோடு வந்திறங்கிய மதராஸ் பட்டாளத்து லோரிக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்தார். அந்தத் தம்பி ஒரு சிறிய டின்னைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு வேளை கருவாட்டுக் குழம்பு கேட்டார். மூன்று தட்டு சாப்பிட்டார். நல்லாயிருக்கட்டும்.

மறுநாள் காலை மாடுகளை வெளியே கட்டினோம். பேட்டரி இல்லாமலே ஹேண்டில் போட்டால் கிளம்பும் பழைய ரகம் அது. கட்டை விரலைச் சேர்த்து வைத்துக்கொண்டு சுற்றினேன். ஒன்றுமில்லை. ஐந்தாறு தடவை ஆனது, என் புடவை நனைந்துவிட்டது. இவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பத்தாவது தடவையோ என்னவோ, ஒரு இருமல் இருமியது. அதற்கடுத்த சுற்றில் பிடித்துக்கொண்டது. கொட்டகை நிறையப் புகை. அந்தப் புகையில் எண்ணெய்ச்சட்டி வாசனை.

"என்னடி, பணியாரம் சுடுறியா?" என்று பால்கார அக்கா வாசலிலிருந்து கத்தினார்.

இவர் எஞ்சினின் மூடி மேல் கையை வைத்தார். கார் முழுவதும் குலுங்கிக்கொண்டிருந்ததால் அவர் கை நடுக்கம் தெரியவில்லை. வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது அவருக்கு. திரும்பி வந்ததிலிருந்து அன்றுதான் அழுதார். எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது, இனி இவர் பிழைத்துக்கொள்வார் என்று.

எஞ்சினை நிறுத்திவிட்டு இருவரும் காரின் கால்படியில் உட்கார்ந்தோம். வந்த அன்றைக்கு என்னைத் தேடாமல் உங்கள் காரைத்தானே தேடிப் போனீர்கள் என்று, மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"வீட்டுக் கதவத் தட்ட பயமா இருந்துச்சு. வேற யாராச்சும் தொறந்து, நீ செத்துப் போயிட்டன்னு சொல்லிட்டா என்ன பண்றது? அதான் இங்க வந்து பிளக்கக் கழட்டி விரல விட்டுப் பார்த்தேன். ஈரமா இருந்துச்சு. மோந்து பார்த்தா நல்லெண்ணெய். வேற எவ ஊத்துவா, சொல்லு? நீ இருக்கன்னு தெரிஞ்சிடுச்சு. அப்புறம் எந்திரிக்க முடியல."

அப்படியானால் முதல் நாளே தெரியுமா, தெரிந்துகொண்டா மூன்று வாரமும் நான் துரு துரு என்று உளறியதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றேன்.

"நீ சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன். என்ன அவசரம்?" என்றார்.

அவர் மறுபடி கிள்ளானுக்கு வண்டி ஓட்டி, எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர் போய்ச் சேர்ந்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன. சயாமிலிருந்து வந்தவரைத் தேற்றிக் கொண்டுவந்தவள் என்று உறவுக்காரர்கள் என்னைத்தான் புகழ்வார்கள், நானும் மறுத்ததில்லை. ஆனால் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்கக்கூட வலுவில்லாத அந்த மூன்று வாரத்தில், என் தவறைத் தெரிந்துகொண்டே, நான் கூனிக் குறுகிவிடக் கூடாது என்று வாயைத் திறக்காமல் இருந்தாரே, என்னை அவ்வளவு பத்திரமாக அதற்கு முன்பும் பின்பும் யாரும் பார்த்துக்கொண்டதில்லை.