மணியின் வீங்கிய முகம்

யுத்த காலம். உடையார்பாளையத்தில் முந்திரிக்காட்டை ஒட்டி எங்கள் வீடு. ஒரு மதியம் எங்கள் நாய் மணி காட்டிலிருந்து தள்ளாடி வந்தது. முகம் பானை போல வீங்கி, வாயில் எச்சில் ஒழுகியது. காலையில்தான் அது என் கைக்குழந்தையின் வாயை நக்கியிருந்தது.

“வெறி புடிச்சிருச்சு! புள்ளயத் தூக்கிட்டு உள்ள போ!” என்று என் கணவர் தடியை ஓங்கினார். அப்போதுதான் மணியின் காது மடலில் சிக்கித் துடித்த குளவியைப் பார்த்தேன்.

“ஏங்க, அடிக்காதீங்க! குளவி கொட்டியிருக்கு!”

குளவி விஷம் பட்டாலும் முகம் அப்படி வீங்கி எச்சில் ஒழுகும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் சாயங்காலம் வீக்கம் வடியும்வரை குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.

மறுநாள் குளவிக்கூட்டைக் கொளுத்தப் போன கணவருக்கும் அதே பானை முகம், அதே எச்சில். யாரும் தடியைத் தூக்கவில்லை. அவருக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்தபோது, அந்தத் தடியைத்தான் அடுப்பில் எரித்தேன்.