பார்சல் கட்டிய கோழிக்கூண்டு

கோழிக்கூண்டில் முதல் தும்மல் கேட்ட காலையில் வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா லாரியோடு பெங்களூரு போயிருந்தார். பதினான்கு கோழிகளும் அம்மாவுடையவை. யாரிடமும் கேட்காமல் அவர் செலவழிப்பது அந்த முட்டைக் காசு ஒன்றைத்தான்.

தேன்கனிக்கோட்டைக் குளிருக்குப் பயந்து, ஓசூரில் நான் வேலை செய்யும் கம்பெனியில் கழித்துப்போட்ட பேக்கிங் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து கூண்டை நாலு பக்கமும் சுற்றியிருந்தேன். டேப்பும் ஒட்டினேன். பத்தே நாளில் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. கண்ணோரம் நுரை. காது வைத்தால் நெஞ்சில் கொறகொறப்பு.

"சளி புடிச்சிருக்குடா. இன்னொரு சுத்து சுத்து" என்றார் அம்மா. சுற்றினேன். மறுநாள் இரண்டு செத்தன.

"மிச்சத்த நாளைக்குச் சந்தையில தள்ளிரலாம்."

"வாங்கறவங்க வீட்டுக் கோழி என்னாவும்மா?"

"நாம என்ன சத்திரமா நடத்தறோம்?"

ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, இரைத்த கோழி ஒன்றைக் கூடையில் வைத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு கால்நடை மருந்தகம் போனேன். டாக்டரம்மா சோதித்தார். கழுத்து திருகவில்லை, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியவில்லை. ராணிக்கெட் (கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல்) போலத் தெரியவில்லை, நாள்பட்ட சுவாச நோய் (மூச்சுக்குழாயில் தங்கும் கிருமியால் வரும் சளி, இரைப்பு) என்றார். செல்போனில் கூண்டின் படத்தைக் காட்டினேன்.

"பார்சல் கட்டி வெச்சிருக்கீங்களே தம்பி! எந்த ஊருக்கு அனுப்பறீங்க?"

"படிச்ச புள்ள மேடம்" என்றார் அம்மா. இரண்டாவது சுற்றைப் பற்றி மூச்சு விடவில்லை.

உள்ளே அடைந்த அம்மோனியா (எச்சம் நனைந்து புளித்தால் எழும் காரமான வாயு) நெஞ்சைப் புண்ணாக்கியதாம்.

"சந்தைக்குக் கொண்டுபோலாங்களா?" என்று கேட்டார் அம்மா.

"வேண்டாம்மா. ஊர்க் கோழிக்கெல்லாம் பரவிரும். காத்து விடுங்க, பெரும்பாலும் பொழச்சிரும்."

அம்மா கூடையை மடியில் இழுத்துக்கொண்டார். "சரி, விக்கல."

மேல்பாதிப் பிளாஸ்டிக்கைக் கிழித்தோம். கூண்டின் அடியில் பரப்பியிருந்த, நனைந்த உமியை அள்ளினோம். நோய்ப்பட்டவற்றைத் தனியே அடைத்தோம். மருந்தை டாக்டர் எழுதிய அளவில் தண்ணீரில் கலந்து வைத்தோம். மருந்து முட்டையிலும் இறங்குமாம்; அவர் சொன்ன நாள்வரை முட்டையைத் தின்னாமல் புதைத்தோம்.

உங்கள் கோழி இரைத்தால், முதலில் கூண்டுக்குள் தலையை விடுங்கள். உங்கள் கண் எரிந்தால் அதன் நெஞ்சு எப்போதோ எரிந்திருக்கும். சட்டென்று பல செத்தால் தொடாமல் மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

ஒரு வாரத்தில் கொறகொறப்பு அடங்கியது. இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும் என் மூச்சை நிறுத்தி அவற்றின் மூச்சைக் கேட்கிறேன். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது கோழிக்கு ரொம்ப நீண்ட காலம்.

எங்களுக்கு ஆன செலவு: மருந்து முந்நூற்று இருபது ரூபாய், ஒரு நாள் சம்பளம், மூன்று கோழிகள். மூன்றாவது கோழி அடைகாத்தபடியே செத்துக் கிடந்தது. கீழே பதினொரு முட்டை.