முன் சீட்டில் விரித்த பிளாஸ்டிக்

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பழைய காரில் மாமனார் உட்காரும் முன்சீட்டுக்குக் கீழே கால்மேட் அடிக்கடி நனைந்து கிடந்தது. வயதானவர், சிறுநீரை அடக்க முடியவில்லை போலும் என்று பள்ளி வாத்தியாரான மருமகன் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். ஒரு குளிர்காலக் காலையில் சீட்டின்மேல் பிளாஸ்டிக் விரித்தார். மாமனார் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அதன்மேல் உட்கார்ந்தார். அதற்கப்புறம், "நான் பஸ்ல போய்க்கிறேன் மாப்ள" என்று தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்.

முன்கண்ணாடியில் ஓயாமல் ஆவி படியவே, வாத்தியார் காரை மெக்கானிக்கிடம் விட்டார். அவர் மேட்டைத் தொட்டு மோந்து பார்த்தார்.

"இனிப்பா வாசம் வருது பாருங்க சார். உள்ள ஹீட்டர்ல ஓட்டை. இன்ஜினைக் குளுத்துற கூலன்ட் தண்ணிதான் ஒழுகி இங்க தேங்குது."

வாத்தியார் கூனிக் குறுகிப் போனார். அன்று மாலையே மாமனாரிடம் போய் நின்றார்.

"மாமா, கார்லதான் ஓட்டை. நான் உங்களத் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க."



"எனக்கே தெரியாம போயிடுதோன்னு நெனச்சேன் மாப்ள. வெளிய கெளம்புற நாள்ல தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டேன்" என்றார் பெரியவர்.