ஒன்ஸ்மோர் கேட்ட ஊர்

உங்களைப் பெற்றவர் சாகக் கிடக்கிறார். ஆஸ்பத்திரி ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. படகு கண்ணெதிரே மணலில் கிடக்கிறது. ஆனால் திருவிழா முடியும்வரை அதைத் தொடக் கூடாது என்கிறது ஊர். நீங்கள் என்ன செய்வீர்கள்?

குப்புராஜ் பாட்டுக் கட்டினான். சிரிக்காதீர்கள்.

பழவேற்காட்டு ஏரிக்கு நடுவே திட்டாகக் கிடக்கும் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவன் அவன். கும்மிடிப்பூண்டி இரும்புப் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாலமோனின் மெல்லிசைக் குழுவில் பாட்டு. எழுபத்திரண்டாம் ஆண்டு ஆடித் திருவிழாவுக்குச் சொந்த ஊரிலேயே கச்சேரி கேட்டார்கள். கிதார், பாங்கோஸ் சகிதம் குழு வந்து இறங்கிய படகுதான் கடைசிப் படகு. காப்புக் கட்டியதும் படகுகளைக் கரையேற்றி, தள்ளுகிற கழிகளையெல்லாம் அம்மன் கோயில் வாசலில் அடுக்கிவிடுவது அவ்வூர் வழக்கம். மூன்று நாளைக்கு எவரும் எல்லை தாண்டக் கூடாது.

வீட்டுக்குள் போனவன் திடுக்கிட்டான். அப்பா முனிகிருஷ்ணன் பல்லைக் கடித்தபடி படுத்திருந்தார். போன வாரம் கெளுத்தி முள் உள்ளங்காலில் ஏறியதாம். மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு மறுபடியும் வலைக்குப் போயிருக்கிறார். இப்போது தாடை பூட்டிக்கொண்டது. கஞ்சி உள்ளே இறங்கவில்லை. பட்டறையில் துருத் தகடு கிழித்த ஒருவன், ஊசி போடாமல் இருந்து, இப்படித்தான் தாடை பூட்டிச் செத்தான். அதைக் கண்ணால் பார்த்தவன் குப்புராஜ்.

ஊர்த்தலைவர் துளசிராமனிடம் ஓடினான்.

"பெரிப்பா, ஒரே ஒரு கழி குடு. நைனாவ பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்டறேன்."

"இன்னாடா பேசறே? ஆத்தா ஊருக்குள்ள கீறா. நீ தண்ணியில கழிய ஊனுனா எத்தினி ஊட்ல எழவு உழும், தெரியுமா?"

"எங்க ஊட்ல உழப்போவுதே, அது?"

"பட்டறைக்குப் போனதும் தொர பெரிய டாக்டராயிட்டாரு! ஆத்தா பாத்துக்குவா. நீ போயி மைக்க கட்டு."

கிழங்கள் மசியமாட்டார்கள், இளவட்டங்கள் மசிவார்கள் என்று நினைத்தான். பட்டறை வாசலில் சங்கத்தார் எவ்வளவு பேசினாலும் கலைந்துபோகிற தொழிலாளிகள், அதையே பாட்டாகப் பாடினால் நின்று கேட்டுக் கை உயர்த்துவதைப் பார்த்திருக்கிறான். அந்த நம்பிக்கையில், கால் துள்ளுகிற மெட்டொன்றில், நெஞ்சு பதறப் பதறச் சொற்களைக் கோத்தான். மாலைக் கச்சேரியில் அதுதான் முதல் பாட்டு.

"எங்க நைனா வாய் தொறக்கல
ஏரித் தண்ணி தூரமில்ல
ஓடம் ஒண்ணு தள்ளுங்கண்ணா
ஊசி போட்டா பொழச்சிக்குவார்!"

கூட்டம் எழுந்தது. குப்புராஜுக்கு உயிர் வந்தது. எழுந்தவர்கள் ஆடினார்கள்.

"தூள் மாமே! ஒன்ஸ்மோர்!"

"டேய், பாட்டு இல்லடா இது! நெசமா சாவக் கெடக்கறாருடா!"

"தெரியும்பா! ஆத்தா கொணமாக்கிடுவா. நீ பாடு!"

இன்னொரு தடவை பாடினால் இரண்டு பேராவது படகுப் பக்கம் திரும்பமாட்டார்களா? பாடினான். மூன்றாம் தடவையும் பாடினான். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி அவன் குரலைக் குப்பம் முழுக்க அறைந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் தாய் கெங்கம்மாள் ஓடிவந்தாள்.

"நிறுத்துடா! நீ பாடப் பாட உங்க நைனா ஒடம்பு வில்லாட்டம் வளையுதுடா! சத்தம் தாங்கலடா அவருக்கு!"

துளசிராமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாட்டுக்கு ஆத்தா அவன் மேல எறங்கிட்டா! கற்பூரம் எடுத்துக்கினு வாங்க. நிறுத்தாதே குப்பு, பாடு!"

மைக்கை வீசிவிட்டு ஓடினான். காப்பாற்றக் கட்டிய பாட்டே தகப்பன் முதுகை முறித்துக்கொண்டிருந்தது. அவர் காலடியில் நாலு பெண்கள் விழுந்து குறி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூட்டிய தாடைக்குப் பின்னால் அந்த மனிதர் அலறிக்கொண்டிருந்ததை யார் கேட்டது?

கோயில் வாசலில் நுழைந்து ஒரு கழியை உருவினான். சாலமோன் பெரியவரைத் தோளில் தூக்கினான். பாங்கோஸ்காரனும் சேர்ந்து படகைத் தள்ள, அத்தனை பெரிய ஊர் கைகட்டி நின்று சபித்தது.

"முள்ளு குத்தின அன்னிக்கே வந்திருக்கணும்பா," என்றார் பொன்னேரி டாக்டர். மறுநாள் மத்தியானம் முனிகிருஷ்ணன் இறந்தார்.

குப்புராஜ் கழியைத் தொட்டதால்தான் தகப்பன் செத்தான் என்று ஊர் தீர்ப்பு எழுதியது. கோயிலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியது. அவன் விழவில்லை. தாயைக் கும்மிடிப்பூண்டிக்கே கூட்டிவந்துவிட்டான். அன்றுமுதல் பட்டறையில் எவன் கை கிழிந்தாலும், மேஸ்திரி முறைத்தாலும், சட்டையைப் பிடித்து ஊசி போட இழுத்துப்போகிறவன் அவன்தான்.

படித்து முடித்ததும் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள். உங்கள் தெருவில் காலில் மஞ்சள் கட்டிக்கொண்டு நொண்டுகிறவர் யாரென்று பாருங்கள். இன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். காப்புக் கயிறு குறுக்கே நின்றால், அறுத்துவிட்டுப் போங்கள்.